ஆபத்தான பணிக்குத் தனி ஓய்வூதியம்: பொது மருத்துவமனை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாதியர், துணைத் தாதியர், வார்டு உதவியாளர்கள், நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் போர்ட்டர்கள், ஆய்வுக்கூட ஊழியர்கள், துப்புரவாளர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. வெளிநாடுகளில் "அபாயப் பணி ஓய்வூதியம்" என்று பேசப்படுவது எது, அதில் எது சிங்கப்பூருக்குப் பொருந்தும், அது வரும்வரை கையில் இருக்கும் உரிமைகளை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பவை இங்கே உள்ளன. இழப்பீட்டுத் தொகைகள் 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு உரியவை. தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில்.

அபாயப் பணி ஓய்வூதியம் என்றால் என்ன?

உயிருக்கோ உடலுக்கோ வழக்கத்தைவிட அதிக ஆபத்துள்ள வேலையில் இருப்பவர், மற்றவர்களைவிடச் சீக்கிரம், கூடுதல் விகிதத்தில் ஓய்வூதியம் பெறும் ஏற்பாடு. தீயணைப்பாளர், காவலர், சிறைக் காவலர் போன்றோருக்காகத் தொடங்கியது.

அமெரிக்க மத்திய அரசின் விதியைப் பார்த்தால் அமைப்பு விளங்கும். அங்கே ஒரு தீயணைப்பாளர் 20 ஆண்டு பணி முடித்திருந்தால் 50 வயதில் ஓய்வு பெறலாம். 25 ஆண்டு முடித்திருந்தால் வயது ஒரு தடையே இல்லை. முதல் 20 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்குச் சராசரிச் சம்பளத்தில் 1.7 விழுக்காடு கணக்காகிறது. சாதாரண ஊழியருக்கு அது பொதுவாக 1 விழுக்காடுதான். இதற்கு விலையும் உண்டு: சம்பளத்தில் அரை விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும், 57 வயதில் கட்டாயம் வெளியேற வேண்டும். சலுகையை மட்டும் கேட்டுவிட்டு இந்த விலையைப் பேசாமல் விட்டால், பேச்சுவார்த்தை மேசையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும்.

மருத்துவமனை ஊழியர்களை எங்காவது இதில் சேர்த்திருக்கிறார்களா?

சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊழியர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். பொது ஊழியர் முதல் குழு. காவலர், தீயணைப்பாளர் நான்காம் குழு. மாநில மனநலத் துறையில் நோயாளிகளை நேரடியாகப் பராமரிப்பவர்கள் இடையில் உள்ள இரண்டாம் குழு. 2012 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு, ஓய்வூதிய விகிதம் உச்சத்தைத் தொடும் வயது முதல் குழுவில் 65, இரண்டாம் குழுவில் 60, நான்காம் குழுவில் 55. ஒரே மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு வயது, வார்டில் நோயாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு வேறு வயது.

பிரான்சில் நடந்தது இதைவிட முக்கியமான பாடம். அங்கே பொது மருத்துவமனைத் தாதியரும் துணைத் தாதியரும் 17 ஆண்டு பணி முடித்தால் மற்றவர்களுக்கு முன்பே ஓய்வு பெறும் பிரிவில் இருந்தார்கள். 2010-இல் தாதியரிடம் ஒரு தேர்வு வைக்கப்பட்டது: மேல்நிலைச் சம்பளப் பிரிவுக்கு மாறலாம், ஆனால் முன்கூட்டிய ஓய்வு போய்விடும். அதன்பின் புதிதாகச் சேர்ந்த தாதியருக்கு அந்தத் தேர்வே இல்லை. நேராக மேல்நிலைப் பிரிவுதான். துணைத் தாதியருக்கு முன்கூட்டிய ஓய்வு தொடர்ந்தது, ஆனால் 2023 சீர்திருத்தம் அவர்களின் வயதையும் 57-இலிருந்து படிப்படியாக 59-க்கு உயர்த்த வகை செய்தது. சம்பள உயர்வையும் ஓய்வுச் சலுகையையும் ஒரே தராசில் வைத்தால், இளைய ஊழியர் சம்பளத்தைத்தான் எடுப்பார். முதுகு வலி தொடங்கும்போது சலுகை இருக்காது.

சிங்கப்பூரில் பொது மருத்துவமனை ஊழியருக்கு இப்படி ஓர் ஓய்வூதியம் உண்டா?

இல்லை. அதை அப்படியே "விரிவுபடுத்துங்கள்" என்று கேட்பதும் பயன் தராது, ஏனென்றால் விரிவுபடுத்த அடிப்படை ஓய்வூதியமே இல்லை. 1986 முதல் அரசாங்க வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மத்திய சேம நிதியின் (மசேநி, அதாவது ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் போடும் கட்டாயச் சேமிப்பு) கீழ் வந்துவிட்டார்கள்.

மருத்துவமனை ஊழியர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பொது மருத்துவமனைகள் நிறுவனங்களாக மாற்றப்பட்டவை. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 1985-இல் மாறியது, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை 1989-இல். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்: முதலாளி என்ற இடத்தில் அமைச்சின் பெயர் இருக்காது, ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அரசாங்கத்துக்குச் சொந்தமான நிறுவனம்தான், ஆனாலும் நீங்கள் அரசாங்க ஊழியர் அல்லர். அரசாங்க ஊழியருக்கான எந்தத் திட்டமும் தானாக உங்களுக்கு வராது.

அப்படியானால் இங்கே அபாயப் பணிக்கு நெருக்கமான திட்டம் எது?

இரண்டு உண்டு. ஆயுதப்படை அதிகாரிகளுக்கு 1998-இல் வந்த "சேவர்" திட்டம். காவல்துறை, குடிமைத் தற்காப்புப் படை, சிறைத்துறை போன்றவற்றின் சீருடை அதிகாரிகளுக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த "இன்வெஸ்ட்" திட்டம். இரண்டும் பழைய மாதிரி ஓய்வூதியம் அல்ல. மசேநி சந்தாவுக்கு மேலாக முதலாளி ஒரு தனிக் கணக்கில் பணம் போடுகிறார், அது முதலீடு செய்யப்படுகிறது, எத்தனை ஆண்டு பணியாற்றினால் அது உங்களுடையதாகும் என்பதை விதிகள் சொல்கின்றன.

எங்கள் கருத்தில் மருத்துவமனை ஊழியர்கள் கேட்க வேண்டியது இந்த வடிவத்தைத்தான். பணம் ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவதால் பிற்காலத் தலைமுறையின் தலையில் கடன் ஏறாது. மசேநியையும் கலைக்க வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். சீருடைப் படையினர் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள். அவர்களுக்கு வேறு ஏற்பாடு. மருத்துவமனை ஊழியர் அந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார். தனிக் கணக்கு கேட்கும்போது, இதை இழக்க மாட்டோம் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

தாதியருக்கான "ஏஞ்சல்" திட்டம் இதுதானே?

பாதி. 2024 பிப்ரவரியில் சுகாதார அமைச்சு அறிவித்து, அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பொதுச் சுகாதாரத் துறையில் நீடிக்கும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும். 4 முதல் 6 ஆண்டுக்கு ஒருமுறை 20,000 முதல் 30,000 வெள்ளி என்று பிரித்துத் தருவார்கள். நான்கு ஆண்டு பணி முடித்த வெளிநாட்டுத் தாதியரும் தகுதி பெறலாம். நல்ல தொகை, வரவேற்க வேண்டிய திட்டம்.

ஆனால் அதன் நோக்கம் தாதியரைத் தக்கவைப்பது. ஆபத்தை ஈடு செய்வது அல்ல. அவசரப் பிரிவில் அடி வாங்கும் தாதிக்கும், புறநோயாளிப் பிரிவில் முன்பதிவு பார்க்கும் தாதிக்கும் அதில் வேறுபாடு இல்லை. அதே வார்டில், அதே நோயாளியைப் புரட்டிப் போடும் உதவியாளருக்கு அதில் இடமே இல்லை.

ஆபத்து உண்மையிலேயே அவ்வளவு அதிகமா? மற்ற வேலைகளிலும் ஆபத்து இருக்கிறதே?

2003-இல் சார்ஸ் சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் சுகாதாரத் துறை ஊழியர்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸுக்கான மருத்துவமனையாக அறிவிக்கப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் ஆபத்தைத் தேடிப் போகவில்லை. அது அவர்களின் ஷிஃப்டுக்கு வந்தது. பாதிக்கப்பட்டோருக்குப் பொதுமக்கள் நன்கொடையால் "கரேஜ்" நிதி திரட்டப்பட்டது. 2020-இல் கொவிட்-19 வந்தபோது அதே நிதி மீண்டும் உயிர்பெற்றது. மக்களின் அந்த நன்றி பெரிது. ஆனால் நன்கொடை, கிருமி வந்தபின் வருவது. 17 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அதே வழியை நாட வேண்டியிருந்தது என்றால், நிரந்தர ஏற்பாடு இல்லை என்றுதான் பொருள்.

தொற்று நோய் மட்டும் அல்ல. ஊசி குத்து, காசநோய், புற்றுநோய் மருந்துத் துளிகள், கதிர்வீச்சு, குழம்பிய நிலையில் உள்ள நோயாளியின் உதை, இரவு ஷிஃப்ட், பலரை வேலையிலிருந்து ஒதுக்கும் முதுகுத்தண்டுத் தேய்மானம் ஆகியவையும் உண்டு.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? எப்படிக் கோடு போடுவது?

திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன. பதவிப் பெயரை வைத்துப் பட்டியல் போட்டால், பெயர் மாறிய மறுநாளே ஒருவர் வெளியே நிற்பார். மருத்துவமனைகளில் பதவிப் பெயர்கள் அடிக்கடி மாறும். "உதவியாளர்" நாளை "நோயாளிச் சேவை" என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயரில் இருப்பார், வேலை அதேதான்.

கோடு செய்யும் வேலையின் மீது விழ வேண்டும். நான்கு வகையாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்: இரத்தம், உடல் திரவம், தொற்றுநோயாளிகளின் தனிமை அறை ஆகியவற்றோடு நேரடித் தொடர்பு; நோயாளியைத் தூக்குதல், இடம் மாற்றுதல்; மனநலம், அவசரப் பிரிவு போன்ற தாக்குதல் அபாயம் உள்ள இடங்கள்; கதிர்வீச்சு அல்லது நச்சு மருந்தைக் கையாளுதல். ஒரு மாதத்தின் பணிநேரத்தில் பாதிக்கு மேல் இவற்றில் ஒன்றில் கழிந்தால், அந்த மாதம் அபாய மாதம். பணிப் பட்டியலே சாட்சி. மேலாளரின் கருத்து தேவையில்லை.

மாத அளவில் கணக்கிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண்டு அளவில் கணக்கிட்டால், 5 மாதம் தனிமை வார்டில் இருந்துவிட்டுக் கர்ப்பத்தால் மேசை வேலைக்கு மாற்றப்பட்டவர் முழு ஆண்டையும் இழக்கும் நிலை வரலாம். பதவி உயர்விலும் இதே சிக்கல். அமெரிக்க மத்திய விதியில், களப் பணியில் குறைந்தது 3 ஆண்டு இருந்தவர் பிறகு மேற்பார்வைப் பொறுப்புக்குப் போனாலும் இடைவெளி இல்லாமல் அவர் கணக்கு தொடர்கிறது. அப்படி ஒரு விதி இல்லாவிட்டால், நல்ல தாதி பதவி உயர்வை மறுப்பார்.

எவ்வளவு செலவாகும்? கையில் எவ்வளவு வரும்?

ஒரு கணக்கு மட்டும் காட்டுகிறோம். மாதச் சம்பளம் 3,000 வெள்ளி, அபாய மாதங்களுக்கு முதலாளி கூடுதலாக 5 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டில் போட்ட பணம் 36,000. ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி கிடைத்தால் ஏறத்தாழ 55,000 ஆகும்; 2.5 விழுக்காடு என்றால் 46,600 அளவில் நிற்கும்.

இந்தத் தொகையை வைத்து 55 வயதில் வேலையை விட்டுவிட முடியாது. மசேநி மாதத் தொகையை 65 வயதிலிருந்துதான் தொடங்க முடியும். ஆனால் 58 வயதில் முழு நேர ஷிஃப்டிலிருந்து பாதி நேரத்துக்கு மாறும் ஒருவருக்கு, மாதம் 650 வெள்ளி என்று ஏழு ஆண்டுக்கு இது பாலம் போடும். மருத்துவமனைக்கும் அனுபவசாலி ஒரேயடியாகப் போய்விடமாட்டார். 20 ஆண்டு முடிந்ததும் எல்லோரும் வெளியேறலாம் என்ற விதியைவிட இதுதான் வார்டுக்கு நல்லது.

இன்றைய நிலையில், வேலையில் காயமோ நோயோ வந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி மூன்று வகை. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை.

மருத்துவ விடுப்புச் சம்பளம்: வெளிநோயாளி விடுப்புக்கு 14 நாள் வரையும், மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் வரையும் முழுச் சராசரிச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு வரை. மருத்துவர் "இலகு வேலை" என்று எழுதி, அதனால் மிகைநேரச் சம்பளமும் (ஓடி) ஷிஃப்ட் படியும் போய்விட்டால், அந்த இழப்பும் இதில் அடங்கும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

மருத்துவச் செலவு: 53,000 வெள்ளி அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை.

நிரந்தர இயலாமைக்கு மொத்தத் தொகை: சராசரி மாதச் சம்பளம் × வயதுக்கான பெருக்கெண் × இயலாமை விழுக்காடு. 40 வயதும் அதற்குக் கீழும் பெருக்கெண் 181. 66 வயதும் அதற்கு மேலும் 72. முழு இயலாமைக்கு உச்சவரம்பு 346,000, குறைந்தபட்சம் 116,000; பகுதி இயலாமைக்கு இவற்றில் அதே விழுக்காடு. மரணத்துக்கு 91,000 முதல் 269,000 வரை.

உச்சவரம்பு எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். 38 வயது, சராசரிச் சம்பளம் 1,900, இயலாமை 10 விழுக்காடு: 1,900 × 181 × 10% = 34,390 வெள்ளி. அதே வயதில் 4,000 வெள்ளி வாங்கும் தாதிக்குச் சூத்திரப்படி 72,400 வர வேண்டும், கிடைப்பது 34,600. ஆக, 40 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில், மாதம் 1,912 வெள்ளிக்கு மேல் வாங்கும் எவருக்கும் அதே இயலாமைக்குத் தொகை ஒன்றுதான். ஆபத்தான பணிக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான எண் இல்லை.

சராசரிச் சம்பளத்தில் விபத்துக்கு முந்தைய 12 மாத ஓடி, ஷிஃப்ட் படி, ஆண்டு இறுதிச் சம்பளம் எல்லாம் சேரும். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் போட்டுக் கணக்கு வந்தால் கையெழுத்திடாதீர்கள்.

ஊசி குத்திவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

கையுறையைக் கழற்றி, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீர் அல்லது உப்புநீரால் அலசுங்கள். உடனே பொறுப்புத் தாதியிடம் சொல்லிவிட்டு, பணிநேரத்தில் ஊழியர் மருந்தகத்துக்கும், இரவென்றால் அவசரப் பிரிவுக்கும் போங்கள்.

ஊசி யாருடையது என்று தெரிந்தால் அந்த நோயாளியின் இரத்தமும் சோதிக்கப்படும். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடைசி எல்லை. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஒரு குத்தில் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. தடுப்பூசி பலன் தராத ஒருவருக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. அதனால் உங்கள் ஹெப்பட்டைட்டிஸ் பி எதிர்ப்பணு அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று இப்போதே தெரிந்து வைத்திருங்கள்.

பலர் விட்டுவிடுவது அன்றே எடுக்க வேண்டிய உங்கள் சொந்த இரத்தச் சோதனை. குத்திய நாளில் கிருமி இல்லை, சில மாதம் கழித்து இருக்கிறது என்று காட்டினால்தான் வேலையால் வந்தது என்று நிலைநாட்ட முடியும். ஒரு வாரம் கழித்துப் போய்ச் சோதித்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். துப்புரவாளர்களுக்கு இது இன்னும் கடினம்: குப்பைப் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி தொடையில் குத்தும், யாருடைய ஊசி என்று தெரியாது. அப்போது பையின் நிறம், வார்டு, எடுத்த நேரம் மூன்றையும் குறித்து, முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள்.

முதுகு வலி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அதற்கும் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் சிக்கலான வகை இது. காப்புறுதி நிறுவனம் "வயதுத் தேய்மானம்" என்று எழுதும். ஒரு குறிப்பிட்ட நாள், ஒரு குறிப்பிட்ட தூக்கல் இருந்தால் வழக்கு வலுவாகும்: நோயாளி படுக்கையிலிருந்து கழிப்பு நாற்காலிக்கு மாறும்போது சரிந்தார், இருவர் தேவைப்பட்ட இடத்தில் ஒருவர்தான் இருந்தார், தூக்கும் இயந்திரம் பழுதில் இருந்தது. முதல் நாள் மருத்துவரிடம் "முதுகு வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது, எதைச் செய்யும்போது என்று சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சேர்க்கப்படும் விவரத்துக்கு முதல் குறிப்புக்குள்ள மதிப்பு இருக்காது.

முதலாளி அறிக்கை கொடுக்காவிட்டால்?

ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ கிடைத்தாலே, முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் நீங்களே அமைச்சிடம் சொல்லலாம். விபத்து நடந்து ஓர் ஆண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இல்லாத நோயானாலும், வேலையிடத்தில் உயிரியல் அல்லது இரசாயனப் பொருளால் நேரடியாக வந்தது என்று காட்ட முடிந்தால் கேட்கலாம். ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீடு, நீதிமன்றத்தில் கவனக்குறைவு வழக்கு, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

நான் எஸ் பாஸில் (வெளிநாட்டு ஊழியருக்கான ஒரு வேலை அனுமதி) இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

இழப்பீட்டுச் சட்டம் உண்டு, முழுமையாக. பாஸ் ரத்தானாலும் உரிமை போகாது. மசேநி கிடையாது, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஆகவே "மசேநியில் கூடுதல் விழுக்காடு" என்ற வடிவில் அபாயத் திட்டம் வந்தால், தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்து அதே வார்டில் நிற்பவர்களுக்கு ஒரு வெள்ளிகூடச் சேராது. தனிக் கணக்காக, நாடு திரும்பும்போது எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

குத்தகை நிறுவனத்தின் துப்புரவாளர்கள்?

இழப்பீடு உங்கள் குத்தகை நிறுவனத்திடமிருந்து, மருத்துவமனையிடமிருந்து அல்ல. அபாயத் திட்டம் மருத்துவமனையின் நேரடி ஊழியருக்கு மட்டும் என்று எழுதப்பட்டால் நீங்கள் வெளியே. குத்தகை ஒப்பந்தத்திலேயே அந்தச் சந்தாவைச் செலவாகச் சேர்க்க வைப்பதுதான் வழி.

இனி வேலையே செய்ய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மசேநி உறுப்பினர் என்றால், நிரந்தரமாக வேலை செய்ய இயலாத நிலையில் மருத்துவக் காரணத்துக்காகச் சேமிப்பின் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்க விண்ணப்பிக்கலாம். சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டத்தில் (மசேநி உறுப்பினருக்கான ஆயுள் காப்புறுதி) இருந்தால், முழு நிரந்தர இயலாமைக்கு 60 வயது வரை 70,000 வெள்ளி. குளித்தல், உடுத்தல், உண்ணுதல் போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைச் செய்ய முடியாவிட்டால் கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியின் மாதத் தொகை. மூன்றும் தனித்தனி விண்ணப்பம். ஒன்று நிராகரிக்கப்பட்டால் மற்றவை போகாது.

இந்தக் கோரிக்கையை யாரிடம், எப்படி வைப்பது?

சுகாதாரச் சேவை ஊழியர் சங்கத்தின் கிளைப் பொறுப்பாளரிடம் தொடங்குங்கள். "எங்களுக்கும் கொடுங்கள்" என்ற கடிதம் கோப்பில் உறங்கும். ஒரு வார்டின் ஒரு மாதப் பணிப் பட்டியல், அதில் எத்தனை மணி நேரம் மேலே சொன்ன நான்கு வகையில் கழிந்தது, கடந்த ஆண்டு எத்தனை காய அறிக்கைகள் என்று ஒரு பக்கத்தில் கொடுத்தால், சங்கம் அதை மேசைக்கு எடுத்துச் செல்ல முடியும். நோயாளி பெயர், அடையாள எண் எதுவும் அதில் வரக்கூடாது. குடிமக்கள் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பிலும் கொடுக்கலாம்.

வேலையை விட்டு விலகுகிறேன். எந்தத் தாள்களை எடுத்துக்கொள்ள வேண்டும்?

தடுப்பூசிப் பதிவு, சேர்ந்தபோது எடுத்த காசநோய்ச் சோதனை முடிவு, ஹெப்பட்டைட்டிஸ் பி எதிர்ப்பணு அளவு, ஊசி குத்து அறிக்கைகளின் நகல், கதிர்வீச்சு அளவி அணிந்திருந்தால் அதன் மொத்தப் பதிவு, எந்த வார்டில் எந்த ஆண்டு இருந்தீர்கள் என்பதற்கான சேவைக் கடிதம், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு. உள் மின்னஞ்சல் கணக்கு மூடப்பட்டபின் இவற்றை வாங்க வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆகவே விலகல் கடிதம் கொடுக்கும் அன்றே எழுத்தில் கேளுங்கள்.